ஒரு வரிசை வானம்

நம் வயதுப் பெண்களிடம் ஒன்று கேட்கிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசியில் நான்கைந்து கிராஃப் தாள் வைத்துத் தைத்திருப்பார்களே, நினைவிருக்கிறதா? இளம்பச்சைக் கோடுகள், வெயிலில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் மெல்லிய தாள். வருஷக் கடைசியில் ஒரே ஒரு பாடத்துக்குத்தான் அது வேண்டியிருக்கும். அதுவரை யாரும் தொடக்கூடாது. நான் ஜூன் மாதத்திலேயே அதைத் தீர்த்துவிடுவேன். பூ, வீடு, கோழி, கோயில் மணி என்று எதைப் பார்த்தாலும் எத்தனை கட்டத்தில் அடக்கலாம் என்று வரைந்து பார்ப்பேன். சேவலுக்கு முப்பத்தொரு கட்டம். கொண்டையோடு முப்பத்துநான்கு. எங்கள் மாதா கோயில் கோபுரத்துக்குச் சிலுவை தனி.

இதற்காக இரண்டு முறை முட்டிபோட்டு நின்றிருக்கிறேன். பிறகு ஒரு வருஷம் இதற்காகவே என்னைக் கூப்பிட்டு மடியில் வைத்துக் கொஞ்சாத குறையாகக் கொண்டாடினார்கள். அந்த வருஷத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

கடலூரில் நாங்கள் படித்தது பெண்கள் பள்ளி. தலைமையாசிரியையை நாங்கள் 'பெரிய டீச்சர்' என்போம். வெள்ளைப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், குரலை உயர்த்தாமலே ஐந்நூறு பேரை உட்கார வைத்துவிடும் கண். ஜனவரியில் சிதம்பரத்தில் பள்ளிக்கூடங்களுக்கான விளையாட்டு விழா நடக்கப்போகிறது, கலெக்டர் வருகிறார் என்று காலைப் பிரார்த்தனையில் சொன்னார்.

"ஏழு, எட்டு, ஒம்பது. இந்த மூணு கிளாசுல இருக்கற எல்லாப் பிள்ளைங்களும் கலந்துக்கணும். ஒருத்தர்கூட வுட்டுப்போகக் கூடாது."

அவர் அப்படிச் சொன்னதும் எங்களுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்கு முன் எந்த விழாவானாலும் வெளுத்த முகமும் நீளப் பின்னலும் உள்ள பத்துப் பதினைந்து பேர்தான் போய்வருவார்கள்.

என்ன செய்யப்போகிறோம் என்பதை டிரில் டீச்சர் முடிவு செய்தார். ஒல்லியான உடம்பு, வேகமான நடை, கழுத்தில் எந்நேரமும் விசில். எங்கோ வெளியூர் விழாவில் அவர் பார்த்துவிட்டு வந்த காட்சி அது. மைதானத்தின் ஒரு பக்கம் இருக்கும் சிமெண்ட் படிகளில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்து, ஆளுக்கொரு சதுர அட்டையைத் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். அட்டைகள் எல்லாம் ஒரே பச்சையாக இருக்கும். சைகை காட்டியதும் ஒரே நேரத்தில் திருப்பினால் மறுபக்கத்து நிறங்கள் சேர்ந்து பெரிய படமாகும். ஒரு பிள்ளை, ஒரு அட்டை, ஒரு கட்டம்.

யார் அந்தப் படத்தை வரைவது? கணக்கு டீச்சர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் கிண்டலாகத்தான் என்று நினைக்கிறேன். டிரில் டீச்சர் என்னை விளையாட்டு அறைக்குக் கூப்பிட்டார். பழைய தோல் பந்துகளும் சாக்குகளும் மக்கிய வாசனை அடிக்கும் அறை அது. மேசையில் ஒரு கட்டு கிராஃப் தாள், புத்தம் புதிது. நான் அதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எடுத்துக்கோ, உனக்குத்தான்" என்றார். "சிதம்பரத்துல அந்த மைதானத்துல பன்னெண்டு படி இருக்கு. ஒரு படிக்கு இருவது பேரு ஒக்காரலாம். அதுக்குள்ள ஒரு படகு வரணும். பாய்மரப் படகு. எந்த நிறத்துக்கு எத்தினி கட்டம், எல்லாம் சேத்து எத்தினி கட்டம், நீதான் கணக்கு பண்ணிச் சொல்லணும்."

"நான் எந்தக் கட்டத்துல ஒக்காருவேன், டீச்சர்?"

"நீ எதுக்கு ஒக்காரணும்? நீ முன்னாடி நின்னு கொடி காட்டப்போறவ."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நான் நடந்து போனேன் என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு அப்போது ஒரே ஒரு தோழிதான். தேவனாம்பட்டினத்துப் பெண். அவள் அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவர். வகுப்பில் என் பக்கத்து இடம் அவளுடையது. நான் தாலுகா ஆபீஸ் கிளார்க்கின் மகள். எங்களை ஒன்றாகச் சேர்த்தது சாப்பாடுதான். என் டப்பாவில் இருக்கும் தயிர்சோற்றுக்கு அவள் டப்பாவில் இருக்கும் வறுத்த நெத்திலி. அவள் சிரித்தால் இடது பக்கத்துத் தெற்றுப்பல் முதலில் தெரியும்.

படகை முதலில் அவளிடம்தான் காட்டினேன். கீழே மூன்று வரிசை கடல், அறுபது கட்டம், கருநீலம். அதன் மேல் படகின் உடம்பு, கீழிருந்து எட்டு, பத்து, பன்னிரண்டு. முப்பது கட்டம், காவி நிறம். அதற்கு மேல் பாய்மரத்துக்கு அதே நிறத்தில் ஒரு கட்டம். அதன் மேல் வெள்ளைப் பாய், ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று, உச்சியில் ஒன்று. அதைக் கூட்டினால் இருபத்தைந்து வந்தது. ஐந்து வரிசைப் பாய்க்கு ஐயைந்து இருபத்தைந்து. நான்கு வரிசைக்குப் போட்டுப் பார்த்தேன், பதினாறு. மூன்றுக்கு ஒன்பது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரும் சொல்லித்தராமல் நானே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் எத்தனையோ படித்துவிட்டேன், அந்தச் சிலிர்ப்பு மறுபடி வரவில்லை.

தோழி தாளைத் தலைகீழாகவும் நேராகவும் வைத்துப் பார்த்தாள்.

"இது படகு இல்லடி, சோப்பு டப்பா" என்றாள். "அணியம் எங்க?"

"அப்படின்னா?"

அவள் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "படகோட மூக்கு. அது தூக்கியிருக்கணும். இல்லன்னா மொத அலையிலயே தண்ணி உள்ள வந்துடும். இந்தக் கோடில ஒரு கட்டம் மேல வையி, அந்தக் கோடிலயும் ஒண்ணு வையி."

வைத்தேன். இரண்டே கட்டம்தான். தாளில் இருந்த டப்பா கடலில் இறங்கிவிட்டது.

இருபது கட்டத்தில் பாய்மரம் சரியாக நடுவில் வராது. பத்தாவதிலோ பதினொன்றாவதிலோதான் நிற்கும். அது எனக்கு உறுத்தலாக இருந்தது. "அது அப்பிடித்தான் இருக்கணும், நட்ட நடுவுல யாரு பாய் கட்டுவா" என்று அதையும் அவளே தீர்த்துவைத்தாள். ஆகக் காவி முப்பத்துமூன்று, வெள்ளை இருபத்தைந்து, கருநீலம் அறுபது. மிச்சம் நூற்று இருபத்திரண்டு கட்டம் வானம், மஞ்சள். விடியற்கால வானம் வேண்டும் என்று சொன்னதும் அவள்தான்.

ஒரே ஒரு குறை. பாயின் உச்சிக் கட்டம் பன்னிரண்டாம் வரிசையில், தாளின் மேல் விளிம்பில் போய் இடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் வானம் இல்லை.

டிரில் டீச்சரிடம் அதைச் சொன்னேன். "மேல இன்னும் ஒரே ஒரு வரிசை இருந்தா நல்லா இருக்கும், டீச்சர்."

"படி பன்னெண்டுதானே? காத்துலயா ஒக்காருவாங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "ஆக மொத்தம் எத்தினி?"

"இருநூத்தி நாப்பது."

"மூணு கிளாசும் சேந்து?"

"இருநூத்தி அறுவது. நான் கொடி காட்டறதால என்னைக் கழிச்சா இருநூத்தி அம்பத்தொம்போது."

"அப்ப பத்தொம்போது பேருக்கு இடமில்ல. நான் என்னா பண்றது, கணக்கு அப்பிடி வருது. இதைப் பெரிய டீச்சர்கிட்ட நீயே போயிச் சொல்லு. எல்லாரும் கலந்துக்கணும்னு சொன்னாங்கல்ல? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ படம் காட்டி வெளக்கமா சொல்லு."

போனேன். கிராஃப் தாளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, தலையை ஒருமுறை தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு போனேன். பெரிய டீச்சர் தாளை மேசையில் விரித்து ஓரங்களில் மைப்புட்டியும் பேப்பர் வெயிட்டும் வைத்தார். நான் கடலிலிருந்து ஆரம்பித்துப் பாயின் உச்சிவரை சொன்னேன்.

"ஒருத்தர்கூட ஜாஸ்தி ஒக்கார முடியாதா?" என்று கேட்டார்.

"முடியாது, டீச்சர். பன்னெண்டு படி. பன்னெண்டு இருவது இருநூத்தி நாப்பது."

அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." அந்தக் கையை உடனே எடுக்கவில்லை. அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் டிரில் டீச்சர் பத்தொன்பது பெயர்களை வாசித்தார். யார் யார் என்று அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கணக்கு என்னுடையது, பெயர்கள் அவருடையவை என்றுதான் நினைத்தேன். பதினான்கு பேர் தேவனாம்பட்டினம். இரண்டு பேர் கெடிலம் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வருகிறவர்கள். ஒருத்திக்கு ஒரு கால் குட்டை. இரண்டு பேர் அனாதை விடுதிப் பிள்ளைகள். மூன்றாவது பெயர் என் தோழியுடையது.

மத்தியானம் அவள் டப்பாவைத் திறக்கவில்லை.

"இடமில்லன்னு நீதான் பெரிய டீச்சர்கிட்ட சொன்னியாமே?"

"நான் என்னாடி பண்ணுவேன்? கணக்கு அப்பிடித்தான் வருது" என்றேன். டிரில் டீச்சர் சொன்ன அதே வார்த்தை. குரல்கூட அவர் குரல்போலவே வந்தது.

"அணியத்துக்கு ரெண்டு கட்டம் சொன்னேன்ல? அதுல ஒண்ணுல என்னைய ஒக்கார வெப்பேன்னு நெனச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவளுக்குக் கோபம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு மாதம் பயிற்சி. பள்ளி மைதானத்தில் படிகள் கிடையாது, சுண்ணாம்பில் கோடு போட்டு உட்கார வைத்தார்கள். உப்புக்காற்றில் அட்டைகள் படபடக்கும். நான் எதிரில் நின்று சிவப்புக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியைத் தூக்குவேன். இருநூற்று நாற்பது பேர் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதின்மூன்று வயதில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடமில்லாத பத்தொன்பது பேருக்கும் வேலை கொடுத்தார்கள். அட்டைகளில் கலர்த்தாள் ஒட்டுகிற வேலை. கொடியைத் திருப்பி வைக்கப் போகும்போது அவர்களைப் பார்ப்பேன். மைதா பசை வாளியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பசை புளித்த வாசனை வராண்டா முழுவதும் அடிக்கும். ஒருநாள் டிரில் டீச்சர் அவர்களிடம், "கையெல்லாம் நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டுத் தொடுங்க. அட்டையில கவுச்சி ஒட்டிக்கும்" என்றார். என் தோழி எழுந்து போய் கையைக் கழுவிவிட்டு வந்தாள். வந்து கையைத் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அட்டை அழுக்காகாமல் இருக்கத்தான் டீச்சர் சொல்கிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

விழா நாளன்று ஐந்து பஸ்கள் வந்தன. நான் முதல் பஸ்ஸில், ஜன்னலோரம். மடியில் கிராஃப் தாள் சுருள், அதன் மேல் இரண்டு கொடிகள். என் இரட்டைப் பின்னலில் அம்மா கட்டிய நீல ரிப்பன், கஞ்சி போட்ட சட்டையின் கழுத்து உறுத்தியது. டீசல் வாசனை. வெள்ளாற்றுப் பாலத்தில் எல்லோரும் ஓவென்று கத்தியது. சிதம்பரம் நெருங்கும்போது தென்னைகளுக்கு மேல் கோபுரம் தெரிந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றுகொண்டது.

மைதானத்தில் இறங்கியதும் நான் படிகளிடம்தான் போனேன். அவ்வளவு நாள் தாளில் பார்த்த இடம். கீழ்ப்படியில் கை வைத்தேன். சிமெண்ட் அந்தக் காலையிலேயே சூடாக இருந்தது. கீழிருந்து எண்ணினேன். பதினான்கு.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே எண்ணினேன். பதினான்கு. மேல்படியில் காக்கை எச்சம் காய்ந்து கிடந்தது. அங்கே ஒருவர் தண்ணீர்ப் பானைகளுக்கு மணல் பரப்பிக்கொண்டிருந்தார், மைதானத்துக் காவல்காரர்.

"அண்ணே, இந்த மேல் படி ரெண்டும் புதுசா கட்டுனதா?"

"புதுசா? நான் வேலைக்கு வந்ததுலேந்து பதினாலுதான். மேல ரெண்டுல காக்கா ஒக்காரும், டிக்கெட் இல்லாத பசங்க ஒக்காருவானுங்க. ஏம்மா?"

மனசுக்குள் கணக்கு தானாக ஓடியது. பதின்மூன்றாம் படிக்கு இருபது கட்டம். வெளியே நிற்பவர்கள் பத்தொன்பது. நான் கொடியைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்தால் இருபது. ஒருத்தர்கூட மிச்சமில்லை, ஒரு கட்டம்கூடக் காலியில்லை. பாய்க்கு மேல் நான் கேட்ட அந்த ஒரு வரிசை வானம். இருபது மஞ்சள் அட்டை. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

டிரில் டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். ஓடிப்போய், "டீச்சர், பதினாலு படி இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்."

"பன்னெண்டுன்னு சொன்னீங்க."

"மெதுவா பேசு." என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "கலெக்டர் கிட்டக்க வந்து பாப்பாரு, போட்டோ எடுப்பாங்க. அதுங்க சட்டையும் தலையும் பாத்திருக்கல்ல? நாலு நாள் வந்தா ரெண்டு நாள் வராதுங்க. பெரிய டீச்சரு எல்லாரும் எல்லாரும்னா நான் என்னா பண்ணுவேன்?"

"ஒரு வரிசை போதும், டீச்சர். நானும் ஒக்காந்தா சரியா இருவது வரும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது. அதை இப்போதும் மறக்க முடியவில்லை. "நீ அவுங்களோட ஒக்கார்ற பொண்ணா? உன்னையும் அதுங்களையும் ஒண்ணா நெனச்சிருந்தா உன்கிட்ட கொடியக் குடுப்பேனா? போ, போயி எடத்துல நில்லு. டைம் ஆவுது."

என்னை ஏமாற்றியவர் என் மேல் பிரியமாக இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அழுதிருந்தால் கொடியைக் கீழே போட்டிருக்கலாம்.

போடவில்லை. போய் என் இடத்தில் நின்றேன். ஒலிபெருக்கியில் எங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னார்கள். சிவப்பை இறக்கி வெள்ளையைத் தூக்கினேன். இருநூற்று நாற்பது அட்டைகள் ஒரே சத்தத்தில் திரும்பின. மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கடல், காவிப் படகு, தூக்கிய மூக்கு, வெள்ளைப் பாய். பாயின் உச்சிக்கு மேல் வெறும் சிமெண்ட் படி இரண்டு, வெயிலில் வெளுத்துக் கிடந்தன. எனக்கு முன்னால் அவை மட்டும்தான் தெரிந்தன.

முதல் பரிசு. வெண்கலக் கேடயம். கலெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீதான் வரைஞ்சியா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் டிரில் டீச்சர், "ஆமாங்க சார், நான் சொல்லச் சொல்ல வரைஞ்சா" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. அம்மா என்னைப் பார்த்துவிட்டு, ஊர்க்கண் எல்லாம் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி வரவில்லை, பார் எவ்வளவு கண் என்று அப்பாவிடம் சொன்னார். நான் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த வயதில் நமக்கு எதையும் சொல்லும் வழக்கம் இல்லையே.

ஆனால் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பெரிய டீச்சரிடம். அவருக்குத் தெரிந்தால் டிரில் டீச்சரை என்ன செய்வார் என்று இரவெல்லாம் நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்பார். பத்தொன்பது பேரையும் மேடைக்குக் கூப்பிடுவார்.

திங்கட்கிழமை காலை அவர் அறைக்குப் போனேன். மேசையில் கேடயம் இருந்தது. யாரோ புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள், மின்னியது.

"டீச்சர், சிதம்பரத்துல பன்னெண்டு படி இல்ல. பதினாலு. நான் எண்ணிப் பாத்தேன். எல்லாரும் ஒக்காந்திருக்கலாம்."

அவர் பேனாவை மூடினார். வாட்சை ஒருமுறை திருகிவிட்டுக்கொண்டார்.

"தெரியும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "பதினாலு, டீச்சர்" என்று மறுபடி சொன்னேன்.

"எத்தினி வருஷமா அந்த கிரவுண்டுக்குப் போயி வர்றேன். எனக்குத் தெரியாதா? டிரில் டீச்சர நான் எதுத்துகிட்டா விளையாட்டுக்கு வேற ஆளு எங்க தேடுவேன்? நீ ஒரு கணக்கு கொண்டாந்த, நான் ஒத்துகிட்டேன். அத்தோட முடிஞ்சுது. வெளிய பேசிகிட்டு இருக்காத. போ, மொத பெல் அடிச்சாச்சு."

ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்ன வாய் அது. அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. அதைப் பெரியவர் ஒருவர் வந்து சொன்னால் பொய் என்று இருவருக்கும் தெரிந்துவிடும். பொய் என்று தெரியாத ஒரு பிள்ளை வந்து சொல்ல வேண்டும். இதெல்லாம் இந்த வயதில் எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் தலையில் கொஞ்ச நேரம் தங்கியிருந்த கை, ஆசீர்வாதம் இல்லை.

சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முட்டிபோட்டேன்.

"பொய் சொல்லிட்டேன், சாமி."

"தெரிஞ்சு சொன்னியா?"

"அப்ப தெரியாது."

"தெரியாம சொன்னது பொய் ஆவாதும்மா. வேற?"

"தெரிஞ்ச அப்புறம் கொடி தூக்குனேன்."

கம்பித் தடுப்புக்குப் பின்னால் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "கொடி தூக்கறதெல்லாம் பாவமில்ல. மூணு 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லிட்டு வூட்டுக்குப் போ."

மூன்றுக்கு முப்பது சொன்னேன். அதில் பாரம் ஒன்றும் இறங்கவில்லை. வெளியே வந்து, வீட்டுக்குப் போகாமல் தேவனாம்பட்டினம் போகும் சாலையில் நடந்தேன்.

தோழியின் வீடு எனக்குத் தெரியும், உள்ளே போனதில்லை. அவள் அம்மா வாசலில் பாயில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா, வா, இவதான் கணக்குல பெரிய ஆளுன்னு அடிக்கடி சொல்லுவா" என்றார். மகளுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு பலகையை இழுத்துப் போட்டார்.

தோழி வெளியே வந்தாள். கடற்கரைப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்றோம். நான் ஒரே மூச்சில் சொன்னேன். பன்னிரண்டு இல்லை, பதினான்கு. டிரில் டீச்சர் சொன்னது பொய். பெரிய டீச்சருக்கும் தெரியும். நான் வேண்டுமென்று செய்யவில்லை, என்னை ஏமாற்றிவிட்டார்கள்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒரே கேள்வி கேட்டாள்.

"பதினாலுன்னு எப்ப பாத்த? ஆட்டம் முடிஞ்சப்புறமா, முன்னாடியா?"

"முன்னாடி."

"அப்புறம்?"

"அப்புறம்... நின்னேன்."

"கொடி தூக்குனியா?"

"தூக்குனேன்."

அவள் தலையை ஆட்டினாள், கணக்குக்கு விடை சரியாக வந்ததுபோல. "சரி. வூட்டுக்குப் போ. பொழுது போயிடும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா என் கையில் ஒரு பொட்டலம் கருவாடு கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அவள் வேறு வரிசைக்கு மாறிவிட்டாள். டிரில் டீச்சர் மறுபடி கிராஃப் தாளோடு என்னைக் கூப்பிட்டார். மயில் வேண்டுமாம். எனக்கு வரையத் தெரியாது என்றேன். திமிர் என்றார், வயதுக் கோளாறு என்றார், படிப்பு ஏறவில்லை என்றார். கணக்கு மார்க்கும் குறைந்தது. கல்லூரியில் வரலாறு எடுத்தேன். கணக்கில் அவ்வளவு ஆசையாக இருந்தாளே என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தோழி படிப்பை விடவில்லை. நர்சிங் முடித்துப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். சுனாமி வந்தபோது ஆள்மேல் ஆள் பிடித்து விசாரித்தேன். அவள் வார்டில் இருந்தாள், அம்மாவும் அவளோடுதான் இருந்தார், பிழைத்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. போய்ப் பார்க்கவில்லை. போகும் தைரியம் வரவில்லை.

போன தை மாதம் பண்ருட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து ஒரு பெண்மணி உட்கார்ந்தார். நரைத்த கொண்டை, கண்ணாடி. திரும்பிச் சிரித்தபோது இடது பக்கத்துப் பல் முதலில் தெரிந்தது.

பேசினோம். முழங்கால் வலி, சர்க்கரை, அவள் மகள் இன்ஜினீயர், என் மகன் வெளிநாடு. அவள் ரிடையர் ஆகி நாலு வருஷம். இலையில் சாம்பார் ஊற்றும்வரை தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அன்னிக்கி சிதம்பரத்துல நடந்தது..."

"அட, அத இன்னுமா நெனச்சுகிட்டு இருக்க?" என்றாள். சாதத்தைப் பிசைந்தாள். "படி கணக்கெல்லாம் நான் மறந்துட்டேன். அன்னிக்கி காலையில நாங்க என்னா பண்ணோம்னு உனக்குத் தெரியாதுல்ல?"

"என்னா பண்ணீங்க?"

"யாராச்சும் வரலன்னா எடம் கெடைக்கும்னு அந்த டீச்சர் சொல்லியிருந்தாங்க. பத்தொம்போது பேரும் விடிகாலையிலயே வந்துட்டோம். சட்டைய எங்கம்மா சொம்புல நெருப்பு போட்டுத் தேச்சுக் குடுத்துச்சு. எல்லாரும் தலைக்குக் குளிச்சு, ஒரே மாதிரி ரிப்பன் வாங்கிக் கட்டிகிட்டு, கேட்டாண்ட வரிசையா நின்னோம். யாருமே லீவு போடல. பஸ்ஸு ஒண்ணொண்ணா போச்சு. மொத பஸ்ஸுல ஜன்னல்கிட்ட நீ ஒக்காந்திருந்த. நாங்க எல்லாரும் கைய ஆட்டுனோம்."

"நான் பாக்கலயே" என்றேன். "சத்தியமா. நான் பாக்கவே இல்ல."

"பாத்த" என்றாள்.

கோபமில்லை. ஒரு நோயாளியின் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற குரல். பிறகு பாயசம் கொண்டுவந்தார்கள். அவளுக்குச் சர்க்கரை, வேண்டாம் என்று இலையில் கையை விரித்து மறைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். கழுத்தில் உறுத்திய கஞ்சி இருக்கிறது. டீசல் வாசனை இருக்கிறது. மடியில் கொடிகள் இருக்கின்றன. பஸ் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். நான் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மட்டும் எனக்கு ஒன்றுமே இல்லை.